பூ வைக்காத படம்

மாணவியர் விடுதி, மூன்றாம் மாடி
26 செப்டம்பர் 1999

அன்பும் அதட்டலும் நிறைந்த என் அண்ணன் எலிசேயோவுக்கு,

உன் தங்கை நெரெய்தா எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், சாப்பிடுகிறேன், குளிக்கிறேன். இந்த மூன்றையும் முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று சொல்லித்தானே பேருந்து ஏற்றிவிட்டாய். எழுதிவிட்டேன். இனி என் இஷ்டம்.

இங்கே காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. மரம் இல்லை, சாலை இல்லை, எதிர்க் கட்டடம் இல்லை. எல்லாவற்றையும் கடல்பக்கத்து மூடுபனி விழுங்கிவிடுகிறது. பத்து மணிக்கு மேல்தான் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. முதல் வாரம் பயமாக இருந்தது, இப்போது பிடித்துவிட்டது. நம் பாலைவன ஊர் தெர்மலில் வருகிறவர் யார், என்ன வண்டி, கோபமாக வருகிறாரா என்பது வரை இரண்டு மைலுக்கு முன்பே தெரிந்துவிடுமே! இங்கே யாராக இருந்தாலும் மூக்குக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது. பாதித் தூக்கத்திலேயே வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறேன்.

சிகானோ பண்பாட்டு வகுப்பில், அதாவது அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த நம் மெக்சிகச் சனங்களைப் பற்றிய வகுப்பில், இடம் கிடைத்துவிட்டது. முதல் நாள் பேராசிரியை ஒலிவாரெஸ் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லி, "நீங்க உங்களை என்னன்னு சொல்லிக்குவீங்க?" என்று கேட்டார். சிகானோ என்றான் ஒருவன், லத்தீனா என்றாள் ஒருத்தி, மெக்சிகன் என்று முணுமுணுத்தான் இன்னொருவன். என் முறை வந்தபோது "பர்ரகான் வீட்டுப் பொண்ணு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ரொஹேலியோ என்று ஒருத்தன் வந்திருக்கிறான். அவனுக்கு ஸ்பானிஷில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. ஆனால் 'சிகானோ' என்று சொல்லும்போது அவன் குரல்தான் கூரையைத் தூக்குகிறது. நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "நீ பேசறது அசல் தோட்டக்காட்டு ஸ்பானிஷ்!" என்று வாய் பிளந்தான். பாராட்டா, கேலியா? "பேரீச்ச மரத்துமேல நின்னு கத்துன ஸ்பானிஷ்டா இது. அறுபது அடி கீழ கேக்கணும்ல" என்றேன். அன்றிலிருந்து என் பக்கத்தில்தான் உட்காருகிறான்.

ஒரு விண்ணப்பம். சமையலறைச் சுவரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் படத்தை அனுப்புவாயா? இங்கே எல்லோர் மேசையிலும் ஒரு அம்மா இருக்கிறாள். என் மேசையில் விளக்கு மட்டும்தான். அவள் போனபோது எனக்கு மூன்று வயது. எனக்கு அம்மாவின் முகமே அந்தப் படம்தான், அதையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மீன் பிடிக்கப் போகிறாயா இன்னும்? கோடை முழுக்கச் சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடுகிறாய். எனக்கு விவரம் தெரிந்த நாளாக ஒரு மீன் முள் வீட்டுக்கு வந்ததில்லை. ஏரிக்குப் போகிறவன் எதற்கு வண்டி நிறையத் தண்ணீர்க் கேன் ஏற்றிக்கொண்டு போகிறாய் என்பதும் எனக்கு இதுவரை விளங்கவில்லை. மீனுக்கு ஏரித் தண்ணீர் பிடிக்கவில்லையா?

உன் செல்லத் தலைவலி,
நெரெய்தா


தெர்மல்
8 அக்டோபர் 1999

வாயாடித் தங்கை நெரெய்தாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உயிரோடு இருக்கிறேன். சாப்பிட்டது பீன்ஸ், குளித்தது நேற்று. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் கையெழுத்து, கோழி கிளறியது போல்தான் இருக்கும். பொறுத்துக்கொள். தொலைபேசியில் எனக்குப் பேச்சே வராது, உனக்குத் தெரியும்.

பேரீச்சை அறுவடை உச்சத்தில் இருக்கிறது. விடிந்தால் ஏணி, மத்தியானம் மரத்தடி, மறுபடி ஏணி. உச்சியில் நின்றால் மேற்கே மலை, கிழக்கே ஏரி, நடுவில் காற்றில் ஆடுகிற நான். இந்த வருஷம் குலைகள் கனம். குலைகளைச் சுற்றிக் கட்டியிருந்த பைகளை அவிழ்த்தால் தேன் மணம் அடிக்கிறது, குளவியும் சேர்ந்து வருகிறது.

பக்கத்து வீட்டுச் சாயோ அத்தை வேலியோரம் நின்று, "படிக்கப் போனவ என்ன படிக்கிறா?" என்று கேட்டாள்.

"நம்மளைப் பத்திப் படிக்கிறா அத்தை."

"நம்மளைப் பத்திப் படிக்க அறுநூறு மைல் போகணுமா? என்கிட்ட வந்து உக்காந்தா ஒரு டம்ளர் காப்பிக்கு எல்லாத்தையும் சொல்ல மாட்டேனா!"

அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நீயே யோசித்து எழுது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதோடு, சிகானோ என்ற சொல் அப்பா காதில் விழுந்திருந்தால் பெல்ட்டைக் கழற்றியிருப்பார். அவர் காலத்தில் அது வசவு. இப்போது அதற்கு மதிப்பெண் போடுகிறார்களாமே. நடக்கட்டும். எனக்குப் பெருமைதான், சாயோ அத்தையிடம் காட்டிக்கொள்ளவில்லை.

படம் விஷயம். இரண்டு நாள் யோசித்தேன். நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான். கடைசியில் என் கம்பளிச் சட்டையில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். மேசையில் வை, வெயில் படாத பக்கமாக. சட்டத்தைப் பிரிக்காதே. கிறிஸ்துமசுக்கு வரும்போது கையோடு கொண்டு வந்துவிடு. சுவரில் அது இருந்த இடம் வெள்ளையாக ஒரு சதுரமாகத் தெரிகிறது. காப்பி குடிக்கும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பைத்தியக்காரன் மாதிரி.

நேற்று மத்தியானம் மரத்தடியில் கண் அசந்தேன். கனவில் அம்மா வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு தோப்புக்குள் நடந்து வந்தாள். ஒவ்வொரு மரமாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். நான் படுத்திருந்த மரத்துக்கு முந்தின மரம் வரைக்கும் வந்துவிட்டாள். அப்போது பார்த்து மேஸ்திரி விசில் ஊதினான்.

மீனைப் பற்றி இனிமேல் பேசாதே. மீன் பிடிக்கப் போகிறவனுக்கு மீனா முக்கியம்?

அண்ணன்,
எலிசேயோ


மாணவியர் விடுதி
4 நவம்பர் 1999

என் அருமை அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறேன், சாப்பிடுகிறேன், குளிக்கிறேன். இன்றைக்கு அதற்கு மேலும் ஒன்று. சந்தோஷமாக இருக்கிறேன். அழுது அழுது கண் வீங்கிப்போய்ச் சந்தோஷமாக இருக்கிறேன்.

இறந்தோர் நாளுக்கு எங்கள் வகுப்பு பெரிய கூடத்தில் படையல் மேடை கட்டியது. ஏழு படிகள். மூட்டை மூட்டையாகச் செண்டுமல்லி வாங்கி வந்து நாங்கள் பெண்கள் உட்கார்ந்து உதிர்த்தோம். வாசலிலிருந்து மேடை வரை ரொஹேலியோ இதழால் பாதை போட்டான். கோணல்மாணலாகப் போட்டுவிட்டு, "எங்க தாத்தா குடிச்சிட்டுதான் வருவாரு, அவருக்கு இதுதான் நேர்ப்பாதை" என்றான். சாம்பிராணிப் புகையும் வெளியே மூடுபனியும் ஒன்றாகிவிட்டன. கதவைத் திறந்தால் எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று தெரியவில்லை.

ஆளுக்கு ஒரு படம் வைக்க வேண்டும் என்றார்கள். நான் அம்மாவை வைத்தேன்.

நீ வீட்டில் ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் அப்பாவுக்கு மட்டும் படையல் போடுவாய். அவருடைய சிகரெட், அவருடைய தொப்பி, ஒரு தட்டு மக்காச்சோளத் தமாலே. அம்மா சுவரிலேயே இருப்பாள். நீ அவளை மறந்துவிட்டாயோ என்று சின்ன வயதில் உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம், தெரியுமா? கேட்கப் பயம். "அம்மா வந்துக்கிட்டு இருக்கா" என்று அப்பா சொல்லும்போதெல்லாம், பிள்ளைகளிடம் பெரியவர்கள் சாவை அப்படித்தான் சொல்வார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். ஏழு வயதில் கேட்பதையே விட்டுவிட்டேன். இப்போது நானே வைத்துவிட்டேன். உனக்கும் ஒரு பாரம் குறைந்தது என்று நினைத்துக்கொள்.

அட்டையில் என் கையால் எழுதினேன்: ஒப்துலியா பர்ரகான், 1948–1983. முன்னால் மெழுகுவர்த்தி, உப்பு, ரொட்டி, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். வழிநடந்து வருகிறவர்களுக்குத் தாகமாக இருக்கும் என்றுதான் தண்ணீர் வைப்பது என்று பக்கத்தில் ஒருத்தி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதும் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. பேராசிரியை ஒலிவாரெஸ் என்னைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் நூலகத்தில் தலை சாய்த்தேன். அண்ணா, அம்மா கனவில் வந்தாள்! வாழ்க்கையில் முதல் தடவை. பனிக்குள்ளிருந்து வந்தாள். முகம் படத்தில் இருப்பது போலவே இருந்தது, ஆனால் அசைந்தது. என் தலைமுடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "பேரீச்சம்பழ வாசம்" என்றாள். அவள் குரல் உன் குரல் போலவே இருந்தது.

கல்லூரிப் பத்திரிகையில் எங்கள் மேடையின் படம் வந்திருக்கிறது. கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் படையல் போட்டதைப் பற்றி வகுப்புக்கு ஐந்து பக்கக் கட்டுரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் படியில் நடுவில் அம்மா, பார். சாயோ அத்தைக்கும் காட்டு.

முத்தங்களுடன்,
உன் நெரெய்தா


தெர்மல்
13 நவம்பர் 1999

நெரெய்தா,

1983 என்று எழுதினாயே, அந்த எண்ணை உனக்கு யார் சொன்னது? டாக்டர் சொன்னாரா? பாதிரியார் சொன்னாரா? நீ போய்ப் பார்த்தாயா?

அவள் தன் அப்பாவின் சாவுக்கு மெக்சிகோவுக்கு, ஊருக்குப் போனாள். திரும்பி வர அவளுக்கு விசா கிடையாது. திரும்பும்போது எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். எடுத்தது நான். "நாளைக்கு ஒரு கூட்டத்தோட நடந்து வர்றேன்டா கண்ணு. அப்பாவ வண்டி எடுத்துட்டு ஒகோட்டில்லோ பெட்ரோல் பங்க்குக்கு வரச் சொல்லு. குட்டி சாப்பிட்டாளா?" இவ்வளவுதான் பேசினாள். எல்லைக்கு இந்தப் பக்கம் பாலைவனத்தில் இருக்கும் அந்த பங்கில் நானும் அப்பாவும் மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம். ஆகஸ்டு மாதம். யாரும் வரவில்லை. கூட்டமும் வரவில்லை, கூட்டிவந்தவனும் வரவில்லை. எலும்பு கிடைக்கவில்லை, செருப்புக் கிடைக்கவில்லை. சாகும்போது அப்பா என் கையைப் பிடித்து, "கண்ணால பாக்குற வரைக்கும் அவ படத்துக்குப் பூ வைக்காதே" என்றார். சரி என்றேன்.

பதினாறு வருஷமாகப் பூ வைக்காத படம் அது. நான் மறந்ததால் வைக்கவில்லை என்றா நினைத்தாய்?

நீ கத்தரித்து அனுப்பிய தாளைச் சாயோ அத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். "பாவம், கடைசியில ஒத்துக்கிட்டீங்களா" என்றாள். தெரு முழுக்க எப்போதோ ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், நெரெய்தா. என்னிடம்தான் சொல்லவில்லை.

மதிப்பெண் வாங்க வேறு எதையாவது எழுதியிருக்கலாம். அம்மாவைச் சாகடித்திருக்க வேண்டாம்.

எலிசேயோ


மாணவியர் விடுதி
20 நவம்பர் 1999

அண்ணா,

முதல் வரியில் எழுத வேண்டியதை எழுதவே கை வரவில்லை. உயிரோடு இருக்கிறேன். மற்ற இரண்டும் அவ்வளவாக இல்லை.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பெட்ரோல் பங்க் தெரியாது, மூன்று நாள் தெரியாது, அப்பா சொன்னது தெரியாது. "குட்டி சாப்பிட்டாளா" என்று அவள் கேட்டதை நான் இப்போதுதான் கேட்கிறேன், பத்தொன்பது வயதில், உன் கோபக் கடிதத்தில். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

என்னை மன்னித்துவிடு. உன் கடிதம் வந்த அன்றே கூடத்துக்கு ஓடினேன். மேடையை முன்பே பிரித்துவிட்டார்கள். படம் என் பெட்டியில் பத்திரமாக இருந்தது, எனக்கே அது மறந்துபோய் ஓடியிருக்கிறேன். பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "இதுக்கு என்ன செய்றதுன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார். பெரிய படிப்புப் படித்தவர், வாய்க்கு வந்த ஆறுதலைச் சொல்லாமல் விட்டாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. ரொஹேலியோதான், "எங்க வீட்லயும் யாரும் எதையும் சொன்னதில்ல. அதனாலதான் நான் இங்க வந்து கத்துறேன்" என்றான்.

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போது என் கோபத்தையும் கேட்டுக்கொள்.

உனக்குக் காத்திருப்பதற்கு ஒரு முகம் இருந்தது. அவள் நடை தெரியும், குரல் தெரியும், கை மணம் தெரியும். எனக்கு? காத்திருக்கவும் யாரும் சொல்லவில்லை, அழவும் யாரும் சொல்லவில்லை. நம் வீட்டில் அவள் பெயரைச் சொன்னால் நீ எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிடுவாய். நீ அவளை உயிரோடு வைத்திருந்தாய், சரி. ஆனால் உன்னோடு மட்டும் வைத்துக்கொண்டாய். எனக்கு ஒரு கை கொடுத்திருந்தால் நானும் சேர்ந்து காத்திருந்திருப்பேனே, அண்ணா. கல்லில் நார் உரிப்பதுபோல உன்னிடமிருந்து ஒரு சொல் வாங்க எனக்கு இவ்வளவு பெரிய தப்புச் செய்ய வேண்டியிருந்தது.

நான் அவளைச் சாகடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

எழுது. திட்டியாவது எழுது.

நெரெய்தா


மாணவியர் விடுதி
14 டிசம்பர் 1999

அண்ணா,

உன் கடிதம் வந்து நான்கு வாரம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீ எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நானும் நிற்கும்வரை கேட்டேன். அதுவும் ஒரு மாதிரி பேச்சுத்தான்.

படத்தை இதோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், உன் கம்பளிச் சட்டையில் சுற்றி. சட்டையை நான் துவைக்கவில்லை. நான் எழுதிய அட்டையும் உள்ளே இருக்கிறது. கிழிப்பதானால் நீயே கிழி, என்னால் முடியவில்லை. படத்தைச் சுவரிலேயே மாட்டு. வெள்ளைச் சதுரம் காத்துக்கொண்டிருக்கும்.

கிறிஸ்துமசுக்கு நான் வரவில்லை. கோபத்தால் இல்லை. கதவைத் திறந்ததும் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீ "வா" என்று ஒரு சொல் எழுதினால் அடுத்த பேருந்தில் ஏறுவேன்.

ஐந்து பக்கக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வேறு ஏதோ எழுதிக் கொடுத்தேன், பேரீச்சை மரத்தைப் பற்றி. சுமாரான மதிப்பெண்தான். மரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும், அதில் ஏறியவன் நீ.

தங்கை,
நெரெய்தா


6 ஜனவரி 2000
(தபால் அட்டை)

உயிரோடு இருக்கிறேன். சாப்பிடுகிறேன். குளிக்கிறேன்.

நெ.


தெர்மல்
6 பிப்ரவரி 2000

என் தங்கை நெரெய்தாவுக்கு,

உன் அண்ணன் உயிரோடு இருக்கிறேன். முதல் வரியில் அதை எழுதச் சொல்லி உன்னை ஏன் படுத்தினேன் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். நானே கிட்டத்தட்ட மூன்று மாதம் எழுதாமல் உன்னைப் படுத்திவிட்டேன். இந்தக் கடிதத்தை நான்கு தடவை தொடங்கினேன்.

மீன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஏரிக்கு ஒரு நாளும் போனதில்லை. தூண்டில் வாங்கியது உனக்குக் காட்டத்தான். அம்மா வராமல்போன அடுத்த கோடையிலிருந்து சனிக்கிழமைகளில் ஒகோட்டில்லோவுக்குத் தெற்கே பாலைவனத்துக்குப் போகிறேன். கேன்களில் தண்ணீர் கொண்டுபோய், நடந்து வருகிறவர்கள் ஒதுங்குகிற மரங்களுக்கு அடியில் வைத்துவிட்டு வருவேன். மரக்கிளையில் ஒரு நீலத் துணி கட்டிவிடுவேன், தூரத்திலிருந்து தெரிய. முதல் இரண்டு வருஷம் அப்பாவும் வந்தார். பிறகு அவரால் வெயில் தாங்க முடியவில்லை. உனக்குச் சொல்லக் கூடாது என்பது அவர் முடிவு. தொடர்ந்தது என் முடிவு.

உன் பதிவுத் தபால் கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் வந்தது. பிரிக்கவில்லை. ஜனவரி நடுவில் ஒரு சனிக்கிழமை, குளிர்காலத்தில் வழக்கமாகப் போகாதவன், என்னவோ தோன்றிக் கேன்களை ஏற்றினேன். பொட்டலத்தைப் பிரித்துப் படத்தைச் சட்டத்தோடு கம்பளிச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

காலை எட்டு மணி இருக்கும். மூன்றாவது மரத்தடியில், நீலத் துணிக்குக் கீழே, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும், தெற்கு மெக்சிகோ ஒஹாக்காப் பக்கத்துப் பேச்சு. கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. கூட வந்தவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். என்னைப் பார்த்ததும் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் கேனைத் தூக்கிக் காட்டினேன்.

"நீங்கதான் வைக்கிறீங்களா?" என்றாள்.

"ஆமா."

"பாதி குடிச்சேன். பாதி வச்சிட்டேன், பின்னால யாராச்சும் வந்தா வேணும்ல."

அவள் நாக்கு வறண்டு பேச்சுக் குழறுகிறது, அதில் பாதி வைத்திருக்கிறாள்!  மீதியையும் குடிக்க வைத்தேன். தொர்த்தியா ரொட்டியில் பீன்ஸ் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன், அதைக் கொடுத்தேன். தின்றுகொண்டே கேட்டாள்.

"யாருக்காக வைக்கிறீங்க?"

"எங்கம்மாவுக்கு. இந்த வழியா வந்தாங்க."

"எப்போ?"

"எம்பத்தி மூணுல."

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். நான் படத்தை எடுத்துக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியாது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"அப்போ இங்க தண்ணி இருந்துச்சா?"

"இல்ல. அப்போ நான் வைக்கல."

 அவள் படத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அதிலிருந்த அம்மாவின் தலையை ஒரு தடவை தடவிக் கொடுத்தாள், குழந்தையைத் தடவுவது போல. பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

நெரெய்தா, அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன். அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அம்மா காப்பி குடித்துக்கொண்டு எங்கேயோ இருக்கிறாள் என்று நம்புகிறவன் எதற்கு வருஷா வருஷம் கேன் கழுவி வைக்கிறான்? அடுத்த கோடையிலேயே நான் தண்ணீர் வைக்க ஆரம்பித்துவிட்டேன். அப்படியென்றால் எனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நீ கூடத்தில் டம்ளரில் வைத்ததைத்தான் நான் பதினாறு வருஷமாகக் கேனில் வைத்திருக்கிறேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நீ அம்மாவைச் சாகடித்தாய் என்ற அந்த ஒரு வரியை எழுதிய கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. மன்னித்துவிடு, குட்டி.

அந்தப் பெண் இப்போது பத்திரமான இடத்தில் இருக்கிறாள். அதற்கு மேல் எழுதுவது நல்லதில்லை. சாயோ அத்தை அவளுக்கு இரண்டு நாள் கால் ஒத்தடம் கொடுத்தாள், ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. அந்த வாயும் மூடும் என்று நான் கண்டுகொண்டேன். இதை உன் ஐந்து பக்கத்தில் எழுதிக்கொள். என் பெயரைப் போடாதே, மீன் பிடிக்கத் தெரியாத ஒருவன் என்று போடு.

இனிப் படம். சுவரில் மாட்டவில்லை. அப்பாவுக்கு வருஷா வருஷம் படையல் போடுகிற அலமாரி மேலும் வைக்கவில்லை, எனக்கு இன்னும் மனசு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஜன்னலோரம் ஒரு பலகை அடித்தேன். அதில் அம்மா இருக்கிறாள். உன் அட்டையைக் கத்தரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் பெயரையும் 1948-ஐயும் அதற்குப் பிறகு நீ போட்ட சின்னக் கோட்டையும் வைத்துக்கொண்டேன். மிச்சத்தை மட்டும் வெட்டினேன்.

பூ வைக்கவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு. ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வைத்திருக்கிறேன். அது உயிரோடு இருக்கிறவளுக்கா, மற்றவளுக்கா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எப்படி வந்தாலும் தாகமாகத்தான் வருவாள்.

மரங்களில் பாளை வெடிக்கத் தொடங்கிவிட்டது. பெண் மரங்களில் தூவ ஆண் பாளையின் பூந்தூளைப் பையில் கட்டிக்கொண்டு இந்த மாதம் முழுக்க உச்சியில்தான் இருப்பேன். மஞ்சளாக இறங்கி வருவேன். ஈஸ்டர் விடுமுறைக்கு நீ வா. நீ கேட்ட ஒரு சொல் இதுதான், தாமதமாக எழுதுகிறேன்: வா. ரொஹேலியோவையும் வேண்டுமானால் கூட்டி வா, தண்ணீர் கேட்கவாவது ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளட்டும். ஒரு சனிக்கிழமை மூவருமாக மீன் பிடிக்கப் போகலாம்.

காலையில் எழுந்து பார்த்தால் டம்ளரில் ஒரு விரற்கடை தண்ணீர் குறைந்திருக்கிறது. இந்த ஊர்க் காய்ந்த காற்று குடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் நிரப்பி வைக்கிறேன். நீ வந்ததும் அந்த வேலை உன்னுடையது.

உன் அண்ணன்,
எலிசேயோ